180, 240, 300: 44 மேக்னம் ரிவால்வருக்கு எந்த எடைக் குண்டு?

கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடும் வழக்கம் அமெரிக்காவில்தான் வேரூன்றியது. அதில் ஈடுபடுவோரிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு: லேசான குண்டை வேகமாக விடுவதா, கனமான குண்டை நிதானமாக விடுவதா? 44 மேக்னம் என்ற சக்திவாய்ந்த ரிவால்வர் தோட்டாவை வைத்துப் பேசினால் விவகாரம் தெளிவாகப் புரியும். கடையில் கிடைக்கும் பல எடைகளில் 180, 240, 300 கிரெய்ன் (குண்டு எடையைச் சொல்லும் அலகு) மூன்றும் மூன்று கட்சிகளுக்கான கொடிகள். கிராமில் சொன்னால் முறையே 11.7, 15.6, 19.4.

முதலில் காகிதக் கணக்கு. ஆறேழு அங்குல பேரலிலிருந்து 180 கிரெய்ன் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1600 அடி வேகத்தில் கிளம்பும். 240 கிரெய்ன் 1300 அடியிலும், 300 கிரெய்ன் 1150 அடியிலும் போகும். இயக்க ஆற்றல் என்று பார்த்தால் லேசான குண்டுதான் ஜெயிக்கிறது: அதற்கு சுமார் 1020 அடி-பவுண்டு, மற்ற இரண்டும் 900-ஐ ஒட்டியே நிற்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட இந்த எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் நிறைய. அங்கேதான் வழி தவறுகிறது. வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால் அந்தக் கணக்கு எப்போதும் வேகத்தின் பக்கமே சாயும். உந்தத்தை, அதாவது எடையை வேகத்தால் பெருக்கி வருவதை, கணக்கிட்டால் வரிசை தலைகீழாகிவிடும். 300 கிரெய்ன் குண்டு 180-ஐ விட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக உந்தம் சுமக்கிறது.

இரண்டு கணக்கையும் விட முக்கியமானது குண்டின் நீளம். மூன்றுக்கும் விட்டம் ஒன்றே, 0.43 அங்குலம். ஆக, எடை கூடினால் குண்டு நீளும். நீண்ட குண்டுக்குப் பின்னால் தள்ளும் நிறை அதிகம். தசையையும் எலும்பையும் துளைத்து நேராகப் போகும். 180 கிரெய்ன் குண்டு குட்டையானது. காற்றிலேயே வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், உடம்புக்குள் போனதும் சட்டென விரிந்து நின்றுவிடும். விலாவுக்குப் பின்னால் நுரையீரலில் பட்டால் மான் விழும், சந்தேகமில்லை. ஆனால் மான் சற்றுத் திரும்பி நின்று, குண்டு தோள் எலும்பைக் கடக்க வேண்டி வந்தால்? காயம்பட்ட விலங்கை இருட்டும்வரை தேட நேரும் வாய்ப்பை எடையில் மிச்சம் பிடித்து வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 180-ஐ இலக்குப் பலகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் 300-தான் சிறந்ததா? மானுக்கு அல்ல. காட்டுப்பன்றி, கரடி போன்ற தடித்த உடல்களை மனத்தில் வைத்துத்தான் பல 300 கிரெய்ன் ஹாலோ பாயிண்ட் (பட்டதும் விரிவதற்காக முனையில் குழி உள்ள) குண்டுகளைக் கடினமாகச் செய்கிறார்கள். மெலிந்த மானின் விலாவில், அதுவும் வேகம் தணிந்த தூரத்தில், அவை சரியாக விரியாமல் ஊசி போல மறுபக்கம் போய்விடலாம். இதே எடையில் முனை அகன்று தட்டையாக இருக்கும் ஹார்ட் காஸ்ட், அதாவது கடினமாக வார்த்த, ஈயக் குண்டு வேறு ரகம். விரிய வேண்டிய அவசியமே இல்லாமல் அந்தத் தட்டை முனையே அகலமான வழியை வெட்டிக்கொண்டு போகும். கரடி உலவும் காட்டில் இடுப்பில் தொங்கவிட அதைத்தான் எடுப்பேன். ஆனால் வேட்டைக்கு விரியும் குண்டுதான் வேண்டும் என்று சில மாநிலங்களில் விதி உண்டு. வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

கனமான குண்டு துப்பாக்கியிடமும் கூலி கேட்கும். உதை கூடும். அந்த உதையில் துப்பாக்கி பின்னால் பாயும்போது சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் குண்டுகள் தம் நிறையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். குண்டை இறுக்கிப் பிடிக்கும் உறை வாயின் மடிப்பு (கிரிம்ப்) தளர்வாக இருந்தால் அவை தோட்டா உறையிலிருந்து மெல்ல முன்னே நகரும். சிலிண்டர் வாயைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாது. லேசான ரிவால்வர்களில் இந்தத் தொல்லை அதிகம். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29-க்குத் தொடர்ந்து 300 கிரெய்ன் ஊட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும். ரூகர் ரெட்ஹாக், சூப்பர் பிளாக்ஹாக் போன்ற கனத்த சட்டகம் கொண்ட ரிவால்வர்கள் தாங்கும்.

புதிதாக எடை மாற்றுகிறவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று. 25 கஜத்தில் கனமான, மெதுவான குண்டு மேலே படும். லேசான, வேகமான குண்டு கீழே படும். புவியீர்ப்பை மட்டும் யோசித்தால் எதிர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? மெதுவான குண்டு பேரலுக்குள் கூடுதல் நேரம் இருக்கிறது. அதற்குள் உதையால் பேரல் மேலே தூக்கத் தொடங்கிவிடுகிறது. குறிபார்க்கும் சைட்டைத் திருத்தாமல் பெட்டியை மட்டும் மாற்றிக்கொண்டு காட்டுக்குப் போனால் குறி தப்புவது நிச்சயம்.

நடுவில் நிற்கும் 240-ஐப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதுவே அதன் பெருமை. 1950-களின் நடுவில் இந்தத் தோட்டா பிறந்தபோதே வந்த எடை அது. அதற்கு அடித்தளம் போட்ட அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத், 44 ஸ்பெஷல் என்ற முந்தைய தோட்டாவில் 250 கிரெய்ன் அளவுக் குண்டுகளை வைத்தே பல ஆண்டுகள் வாதாடியவர். பெரும்பாலான 44 ரிவால்வர்களின் சைட் இந்த எடைக்கு ஒத்துப்போகும். மான் எந்தப் பக்கம் நின்றாலும் போதிய ஊடுருவல், நம்பகமாக விரியும் வேகம், இரண்டாவது முறை சுடக் கையை மிச்சம் வைக்கும் உதை. மானுக்கு என்றால் என் ஓட்டு இதற்கே. இதை விட்டு விலக, அந்தத் துப்பாக்கி வேறு எடையில்தான் நெருக்கமாகச் சுடுகிறது என்று தாங்குமேடையில் வைத்துச் சுட்ட இலக்குத் தாள் காட்ட வேண்டும்.

முழுச் செம்புக் குண்டு வந்தபின் இந்தக் கணக்குக் கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமற்ற தோட்டா கட்டாயம். செம்பு ஈயத்தை விட அடர்த்தி குறைந்தது, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகும். சிதறி எடை இழக்காததால் 225 கிரெய்ன் செம்புக் குண்டு தன்னை விடக் கனமான ஈயக் குண்டின் ஆழத்துக்குப் போகும். அங்கே 240-ஐத் தேடிப் பிடிவாதம் காட்ட வேண்டியதில்லை.

357 மேக்னம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தீர்ப்பு மாறும். அதன் விட்டம் சிறியது, சக்தியும் குறைவு. தற்காப்புக்குப் பேர்பெற்ற 125 கிரெய்ன் குண்டு மானுக்கு ஆகவே ஆகாது. 158 கிரெய்ன் குறைந்தபட்சம். 180 கிடைத்தால் அதையே எடுக்கலாம், 50 கஜத்துக்குள் நின்று.