அப்பாவின் போர்க்கால ஆல்பமும் அல்சூர் ஸ்கேனிங் கடையும்

பழைய படங்களை ஸ்கேன் செய்து தரும் கடைகள் பெங்களூரில் நிறைய இருக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது ராணுவத்தில் இருந்தவரின் ஆல்பம் என்றால், அதுவும் போர்க்காலத்துப் படங்கள் என்றால், அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கும் இந்தக் கடைக்குப் போங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட வேண்டும். அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அப்பா மதராஸ் சேப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவு. அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் அவர்களுடைய எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) சென்டரில் பயிற்சி எடுத்து, 1971 போரில் மேற்கு எல்லையில் கண்ணிவெடி எடுக்கும் வேலையில் இருந்தவர். டிசம்பர் 17-ல் போர்நிறுத்தம் வந்தபிறகும் சேப்பர்களுக்கு வேலை ஓயவில்லை. புதைத்த வெடிகள் மண்ணுக்குள் அப்படியேதானே இருக்கும்? அப்பாவோடு இருந்த ஒருவரிடம் ஆக்ஃபா கிளிக் 3 கேமரா இருந்தது. 120 ஃபிலிம், ஒரு ரோலுக்கு 12 படம்தான். அந்தப் பன்னிரண்டில் அவர் எதை எடுத்தார் என்பதுதான் இந்த ஆல்பத்தின் அருமையே. டாங்கி இல்லை, கொடி இல்லை, பிடிபட்ட துப்பாக்கிகளின் குவியல் இல்லை. பெட்டி மேல் உட்கார்ந்து இன்லேண்ட் லெட்டர் படிக்கிற ஒருவர், லாரிக்குள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குகிற மூன்று பேர், வெட்டவெளியில் முடிவெட்டிக்கொள்கிறவர், எங்கிருந்தோ வந்த நாய்க்குட்டியை சட்டைக்குள் போட்டுக்கொண்டு சிரிக்கிற ஒரு பையன்.

1971 என்றதும் டாக்காவில் பாகிஸ்தான் ஜெனரல் நியாஸி சரணடைந்து கையெழுத்துப் போடும் படம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அது வரலாறு, மறுக்கவில்லை. ஆனால் போரில் இருந்தவனுக்கு அன்றைக்கு வயிறு எப்படி இருந்தது, கடிதம் வராத நாளில் முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் இந்த மாதிரி சின்னச் சதுரப் படங்களில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் டோனி வக்காரோ என்ற அமெரிக்கச் சிப்பாய் ஆர்கஸ் சி3 கேமராவில் கூட இருந்தவர்களை எடுத்து, ராத்திரியில் இரும்புத் தொப்பிகளில் கெமிக்கலை ஊற்றி ஃபிலிம் கழுவியிருக்கிறார். ஆப்கானிஸ்தானின் கோரெங்கல் பள்ளத்தாக்கில் டிம் ஹெதரிங்டன் என்ற புகைப்படக்காரர் அமெரிக்கச் சிப்பாய்கள் தூங்குவதை வரிசையாகப் படம் பிடித்தார். துப்பாக்கியும் கவசமும் இல்லாமல் பார்த்தால் அத்தனை பேரும் சின்னப் பிள்ளைகள். 2011-ல் லிபியாவில் மிஸ்ராட்டாவில் படம் எடுக்கப் போன இடத்தில் அவர் இறந்துபோனார். அப்பாவின் லாரிப் படத்தை அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் தாராளமாக வைக்கலாம். மகளாகச் சொல்லவில்லை, படம் பார்க்கத் தெரிந்தவளாகச் சொல்கிறேன்.

சரி, கடைக்கு வருகிறேன். அப்பாவின் படங்கள் நெகட்டிவ் அளவிலேயே பிரிண்ட் போட்டவை, பக்கத்துக்கு இரண்டே கால் அங்குலம். 1200 டிபிஐயில்தான் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுக்க வேண்டும் என்று கடைக்காரர் தானாகவே சொன்னார். அப்படி எடுத்தால் ஒரு பக்கத்துக்கு 2700 பிக்சல் கிடைக்கும், 9 அங்குலம் வரை பெரிதாக்கினாலும் உடையாது. சில படங்களில் கறுப்பான இடமெல்லாம் வெள்ளி பூசியதுபோல மின்னிக்கொண்டிருந்தது. படத்தில் இருக்கும் வெள்ளியே ஈரத்தில் மேலே கசிந்து வருவதுதான் அது, ஸ்கேனரில் வைத்தால் வெறும் பளபளப்புதான் விழும். அந்தப் படங்களை ஸ்டாண்டில் வைத்து, விளக்குக்கும் லென்ஸுக்கும் பளபளப்பை வெட்டும் போலரைசர் ஃபில்டர் போட்டுக் கேமராவில் எடுத்தார். பசை ஆல்பத்தில் ஒட்டிப்போயிருந்தவற்றைப் பிய்க்காமல், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுத்ததைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்தார், இதை நான் கேட்கவே இல்லை. எந்த ஊர் என்று எழுதக்கூடாது என்பதால் பின்னால் பெயரும் மாதமும் மட்டும்தான் இருக்கும், சிலவற்றில் 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலைய விலாசம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, ஃபைலுக்குப் பெயராக அதையே தட்டச்சு செய்தார். அவசரப்படுத்தவில்லை. வேறு வாடிக்கையாளர் வந்தபோதுகூட "ஐயா சொல்லி முடிக்கட்டும்" என்று அவரை உட்கார வைத்தார்.

இப்போது அந்தக் குறை. படங்களைச் 'சரிசெய்து' காட்டியபோது கீறலும் பூஞ்சையும் போயிருந்தன, அருமை. கூடவே ஏதோ ஏஐ மென்பொருளில் முகங்களையும் தேய்த்துவிட்டிருந்தார். நாளெல்லாம் மண்டியிட்டு வெடி தேடிவிட்டு, கையில் டீ மக்கோடு அப்பா உட்கார்ந்திருக்கும் படம் அது. கண்ணுக்குக் கீழே இருந்த குழி இல்லை, உதட்டு வெடிப்பு இல்லை, புழுதி இல்லை. கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளை முகம். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நான் இல்லம்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. அந்தக் களைப்புதான் படம், அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? வண்ணம் ஏற்றிய ஒரு மாதிரியும் காட்டினார், அதில் ஆலிவ் பச்சை யூனிஃபார்ம் காக்கியாகியிருந்தது. போலீஸ்காரர் மாதிரி இருக்கிறது என்று அப்பாவே வேண்டாம் என்றுவிட்டார்.

கடைக்காரர் வாதாடவில்லை. "மன்னிச்சுக்கங்க ஐயா, முகத்தில கை வைக்காம மறுபடி பண்ணித் தரேன்" என்று சொல்லி, சொன்னபடியே கீறலை மட்டும் எடுத்துக் கொடுத்தார், கூடுதல் காசு வாங்கவில்லை. ஆனாலும் எத்தனையோ பேர் அந்த வழவழப்பான முகத்தை அழகு என்று வாங்கிக்கொண்டு, அசலை ஈரப் பெட்டியில் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒரு படத்தை அப்பா ஆல்பத்தில் ஒட்டவே இல்லை, தனிக் கவரில் வைத்திருந்தார். கூட இருந்தவர் வெடியில் போன அன்று, தலையைக் கைகளுக்குள் புதைத்து ஒருவர் அழுகிற படம். கேமரா ஆடியிருக்கிறது, விளிம்புகள் இரட்டையாகத் தெரிகின்றன. எடுத்தவரும் அப்போது அழுதுகொண்டிருந்தார் என்று அப்பா சொன்னார். அதைக் கூர்மையாக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்கவே இல்லை. அப்படியே எடுத்து, தனி ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தார். இன்ஸ்டாகிராமில் போட நாய்க்குட்டிப் படத்தை மட்டும் அனுமதி கேட்டார், நாங்கள் மறுத்தோம். அந்தப் பையனின் குடும்பம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாத நிலையில் நாங்கள் யார் சரி சொல்ல? அவரும் புரிந்துகொண்டார்.

சின்னப் படத்துக்கு 40 ரூபாய், போலரைசர் போட்டு எடுப்பவைக்கு 90. மலிவு இல்லை, ஆனால் வேலைக்குத் தகும். கேட்டால் டிஃப் (தரம் குறையாத பெரிய ஃபைல்), ஜேபெக் இரண்டும் பென் டிரைவில் தருகிறார். டிஃப் கேட்டு வாங்குங்கள், சொல்லாவிட்டால் ஜேபெக் மட்டும்தான் வரும். பிரிண்ட் போடுவதானால் மேட் பேப்பர், கிளாஸி இந்தப் படங்களுக்கு ஆகாது. வண்டி நிறுத்த இடம் கிடையாது, மெட்ரோவில் அல்சூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். படிக்கட்டு செங்குத்து, வயதானவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். ஆனால் அழைத்துத்தான் போங்கள், படத்தில் இருப்பவர்களின் பெயர் அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆர்டர் எழுதும்போதே 'முகத்தைத் தொடக்கூடாது, வண்ணம் வேண்டாம்' என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.