விசா வந்ததும் இன்ஷூரன்ஸை ரத்து செய்துவிட்டார் ஏஜென்ட் – ரீயூனியனுக்குப் பெரியவர்களைக் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

புதுச்சேரி, காரைக்கால், கடலூர் பக்கத்திலிருந்து இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு அப்பா அம்மாவையோ மாமனார் மாமியாரையோ விசிட் விசாவில் கூப்பிடப் போகிறவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். விசாவுக்காக ஏஜென்ட் எடுத்துக் கொடுக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ், பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகும் நடப்பில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. விண்ணப்பம் கொடுக்கிற நாளில் ஃபைலில் அந்தக் காகிதம் இருந்தால் சரி. அப்புறம் அதைச் சத்தமில்லாமல் ரத்து செய்துவிட்டு பிரீமியத்தைத் தன் கணக்கில் வாங்கிப் போட்டுக்கொள்ள ஒரு ஏஜென்டால் முடியும். எங்களுக்கு நடந்தது அதுதான். போலி பாலிசி என்று நினைத்துவிடாதீர்கள், அசல் கம்பெனி, அசல் நம்பர், கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அன்றைக்கு அத்தை, அதாவது என் மாமியார், பெயர் வந்தது.

நாங்கள் இருப்பது சேந்த் ஆந்த்ரேயில். என் இரண்டாவது பிரசவத்துக்கு மாமியார் வந்து இரண்டு மாதம் இருக்கட்டும் என்று 2025 தொடக்கத்தில் ஏற்பாடு செய்தோம். இந்தப் பக்கத்து வேலை எங்களுடையது: நகராட்சி அலுவலகமான மேரியில் போய் அத்தெஸ்தாசியோன் தாக்கேய், அதாவது விருந்தினரை எங்கள் வீட்டில் தங்க வைக்கிறோம் என்ற உறுதிச் சான்று வாங்க வேண்டும். அப்போது 30 யூரோ தேம்பர், அதாவது அரசு வரி முத்திரை, ஒட்ட வேண்டியிருந்தது, சான்று மறுக்கப்பட்டாலும் அந்தக் காசு திரும்பாது. வீட்டுப் பத்திரம், சம்பளச் சீட்டு எல்லாம் பார்ப்பார்கள். அந்தப் படிவத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது, வருகிறவருக்கான மருத்துவ இன்ஷூரன்ஸை நீங்கள் எடுக்கிறீர்களா அவரே எடுக்கிறாரா என்று. அவரே எடுப்பார் என்று குறித்தோம், ஏனென்றால் ஊரில் எடுத்தால் மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். மலிவுதான், அதில் பொய் இல்லை. கூடவே, வருகிறவரால் செலவைச் சமாளிக்க முடியாவிட்டால் நாங்கள் ஏற்கிறோம் என்றும் கையெழுத்து போடுகிறோம். பின்னால் வந்த பில்லை நீட்டும்போது அந்தக் கையெழுத்தை யாரும் மறக்கவில்லை.

ஊர்ப்பக்கத்து வேலையைக் கொழுந்தன் பார்த்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு டிராவல்ஸ், விசா ஃபைல் போடுவது, டிக்கெட், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒரே இடத்தில். பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

முதல் கோணல் அங்கேயே தெரிந்தது. அந்த டிராவல்ஸ் ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த முதல் பாலிசியில் செல்லுபடியாகும் இடம் என்ற வரியில் "ஷெங்கன் நாடுகள்", அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள், என்று இருந்தது. ரீயூனியன் பிரான்சுதான், 1946 முதல் பிரெஞ்சு மாவட்டம், பணம் யூரோ, எல்லாம் சரி. ஆனால் ஷெங்கனில் இல்லை. பிரான்சின் ஐரோப்பிய நிலப்பகுதி மட்டும்தான் ஷெங்கனில் வரும். அதனால்தான் இங்கே வருவதற்கான விசாவும் வேறு, பாரிஸ் விசாவை வைத்துக்கொண்டு இங்கே இறங்க முடியாது, இங்கே வரும் விசாவை வைத்துக்கொண்டு பாரிஸுக்கும் போக முடியாது. ஆக ஷெங்கன் மட்டும் என்று எழுதிய பாலிசி இங்கே வெறும் காகிதம். கணவர் வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பைப் பார்த்ததும் பிடித்துவிட்டார். ஏஜென்டிடம் சொன்னால், "ஃபிரான்ஸ்னா ஷெங்கன்தான் சார், நாங்க டெய்லி போடுறோம்" என்கிறார். தினமும் போடுகிறவருக்கு இது தெரியவில்லை என்றால் தினமும் எத்தனை பேர் தலையில் இதைக் கட்டியிருப்பாரோ. வாக்குவாதத்துக்குப் பிறகு அமெரிக்கா, கனடா நீங்கலாக உலகம் முழுவதும் செல்லும் பாலிசி ஒன்று எடுத்தார். 50,000 டாலர் கவர். கேட்கப்படுவது குறைந்தது 30,000 யூரோ, நம் பணத்தில் ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய். சிகிச்சை, ஆஸ்பத்திரி, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் அடங்கி, தங்கும் நாள் முழுவதற்கும் இருக்க வேண்டும். 25,000 டாலர் திட்டத்தை மலிவு என்று தலையில் கட்டுவார்கள், அது அந்த அளவை எட்டாது. முதல் பாலிசிக் காசு என்னாச்சு என்று கேட்டதற்கு "அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்" என்றார். எதில் அட்ஜஸ்ட் என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவதற்குப் பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாயை ஜிபேயில் வாங்கிக்கொண்டார்.

விசா வந்தது, அத்தை வந்தார். ஏர்போர்ட்டில் போலீஸ் அத்தெஸ்தாசியோனைக் கேட்டார்கள், இன்ஷூரன்ஸ் பிரிண்டையும் புரட்டிப் பார்த்தார்கள், முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் பார்த்தது காகிதம்தான்.

அந்த வருஷம் இங்கே சிக்குன்குனியா எப்படிப் பரவியது என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2005-06இல் தீவில் மூன்றில் ஒருவருக்கு மேல் வந்துபோனது, அதற்குப் பிறகு பெரிதாக வந்தது 2025இல்தான். ஏப்ரலில் அத்தைக்குக் காய்ச்சல். முதல் நாள் பாராசிட்டமால், கஞ்சி. மறுநாள் காலை விரலை மடக்க முடியவில்லை, டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் இடுக்கிக் குடித்தார். சாயங்காலம் குழற ஆரம்பித்துவிட்டார், பிரஷர், சுகர் இரண்டும் உள்ளவர், வயது எழுபதுக்கு மேல். எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் நீர் வற்றி, உப்புச்சத்து இறங்கியிருக்கிறது, படுக்க வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, காசு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஊசி போடுகிற இடம் அல்ல இது. ஆனால் சேர்க்கைப் பிரிவில், இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையான கார்த் வித்தால் இல்லாதவரிடம் இன்ஷூரன்ஸ் கேட்பார்கள், கம்பெனியின் உதவி மையத்திலிருந்து செலவை ஏற்கிறோம் என்று ஒரு கடிதம் வந்தால் ஆஸ்பத்திரி நேராக அவர்களிடம் வசூலித்துக்கொள்ளும்.

பாலிசியில் இருந்த உதவி எண்ணை ராத்திரி கூப்பிட்டேன். பாலிசி நம்பர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் கொஞ்ச நேரம் லைனில் வைத்துவிட்டு வந்து, "மேடம், இந்த பாலிசி கேன்சல்ட்னு காட்டுது" என்றார். நான் பாஸ்போர்ட் நம்பரை மறுபடி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அதே பதில். ரத்தான தேதி, பாஸ்போர்ட் விசாவோடு கைக்கு வந்த அதே வாரம். காரணம்: பயணம் கைவிடப்பட்டது. பணம் திருப்பப்பட்டது யாருக்கு என்று கேட்டால், யார் கட்டினார்களோ அவருக்கு. கட்டியது ஏஜென்ட், தன் லாகினில், தன் கணக்கிலிருந்து. பாலிசியில் பதிவான மொபைலும் மின்னஞ்சலும் அவருடையவை, அதனால் ரத்தான செய்தியும் அவருக்கே போயிருக்கிறது. தொடங்கும் தேதிக்கு முன்னால் ரத்து செய்தால் சிறு தொகை பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுகிறார்கள், அந்த வசதி விசா மறுக்கப்பட்டவர்களுக்காக வைத்தது, நியாயமானதுதான். அதைத்தான் இவர் தொழிலாக்கிக்கொண்டார். பெரும்பாலானவர்கள் ஆரோக்கியமாகப் போய்விட்டு ஆரோக்கியமாகத் திரும்பிவிடுவார்கள், காகிதம் குப்பைக்குப் போகும், யாருக்கும் தெரியாது.

கொழுந்தன் ஏஜென்டிடம் நேரில் போனார். முதலில் "சிஸ்டத்துல தானா கேன்சல் ஆயிருக்கும்". அப்புறம் "கம்பெனிக்காரன் தப்பு". கொழுந்தன் போனில் நான் பேசியபோது ஏஜென்ட் சொன்னதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை: "அக்கா, விசாவுக்குத்தானே இன்ஷூரன்ஸ் கேட்டீங்க, விசா கிடைச்சிருச்சுல்ல?"

அத்தை தேறிவிட்டார், மூட்டு வலி மட்டும் மாதக்கணக்கில் விடவில்லை. பில் மூவாயிரம் யூரோவைத் தாண்டியது. அரசு ஆஸ்பத்திரி என்பதால் வசூலிப்பது அரசுக் கருவூலம், கடிதம் தபாலில் வரும், ஒளிந்துகொள்ள வழியில்லை. எழுதிக் கேட்டுத் தவணை வாங்கியிருக்கிறோம், கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏஜென்ட் வழியாக எடுக்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், இணையத்தில் தானே எடுக்கத் தெரியாத பெரியவர்கள் நிறைய. ஆனால் பாலிசியில் பதிவாகும் மொபைலும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். பணத்தை ஏஜென்டுக்கு அனுப்பாதீர்கள், கம்பெனியின் பணம் கட்டும் லிங்க்கை வாங்கி உங்கள் கார்டிலிருந்து கட்டுங்கள், ரத்தானாலும் பணம் உங்களுக்குத்தான் வரும். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் கம்பெனிக்கு நீங்களே போன் செய்து பாலிசி நடப்பில் இருக்கிறதா, ரீயூனியனில் செல்லுமா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். எண்ணை ஏஜென்ட் தந்த காகிதத்திலிருந்து எடுக்காமல் கம்பெனி இணையதளத்திலிருந்து எடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாலிசி உயிரோடு இருந்திருந்தாலும் முழுத் தொகை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அறுபதைத் தாண்டியவர்களுக்கான பல இந்தியத் திட்டங்களில் மேலே 50,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே படுக்கைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, டாக்டருக்கு இவ்வளவு என்று தனித்தனி உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே உள்ள பிரஷர், சுகரால் வந்த கோளாறு என்று அவர்கள் முடிவு செய்துவிட்டால், உயிருக்கு ஆபத்தான கட்டத்தைத் தவிர வேறெதற்கும் கிடைக்காது. நூறு டாலர் போல முதல் தொகையை நாமே ஏற்க வேண்டியும் இருக்கும். இங்கேயே பிரெஞ்சுக் கம்பெனிகளில் விருந்தினருக்கான பாலிசி யூரோவில் எடுக்கலாம், விலை அதிகம், வயது வரம்பு பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அடுத்த முறை நாங்கள் அதைத்தான் எடுப்போம்.

ஏமாந்தவர்கள் ஊரில் புகார் கொடுக்க வழி இருக்கிறது. முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள், இந்திய இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதியுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியிடம், போகலாம். புதுச்சேரியும் காரைக்காலும் அந்த அலுவலக எல்லைக்குள் வரும், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், ஆனால் கம்பெனியின் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், முதலில் வந்த பிடிஎஃப், எதையும் அழிக்காதீர்கள். எங்களுக்குக் கம்பெனி தந்த முதல் பதில், பதிவான மின்னஞ்சலிலிருந்து கோரிக்கை வந்தது, முறைப்படி ரத்து செய்தோம் என்பதுதான். அந்த மின்னஞ்சல் யாருடையது என்று கேட்டு எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை, ஆம்பட்ஸ்மேனுக்கான மனுவைக் கொழுந்தன் தயார் செய்துகொண்டிருக்கிறார்.