லேபிள் இல்லாத பாசி மருந்தா? தொட்டிப் பக்கமே விடாதீர்கள்

மரைன் டேங்க், அதாவது கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்து வாங்கப் போங்கள். "எல்லாப் பாசியையும் அழிக்கும், இறாலுக்கும் பவளத்துக்கும் ஒன்றும் ஆகாது" என்று சொல்லி ஒரு பாட்டில் விற்கிறார்கள். மேலே லேபிள் கிடையாது, உள்ளே வெளிர்நீலத் தண்ணீர். என் தொட்டியைப் பராமரிக்க வந்துகொண்டிருந்தவரே அதைக் கொண்டுவந்து ஊற்றினார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "இயற்கைச் சாறு சார், ஃபார்முலா சொல்லக் கூடாது" என்றார்.

மறுநாள் காலையில், பாசி தின்பதற்காக விட்டிருந்த டர்போ நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மணலில் மல்லாந்து கிடந்தன. தொட்டாலும் காலை உள்ளே இழுக்கவில்லை. ஹெர்மிட் நண்டுகள் ஓட்டிலிருந்து பாதி வெளியே தொங்கின. கிளீனர் இறால் செத்து வெளுத்திருந்தது. மீன்கள் மட்டும் எதுவுமே நடக்காதது போல நீந்தின.

ஆளைக் கூப்பிட்டால், அம்மோனியா ஏறியிருக்கும், உங்கள் உப்பு சரியில்லை என்று அடுக்கினார். அம்மோனியா என்றால் மீனும் மூச்சு வாங்கியிருக்குமே? மீன் தப்பி, முதுகெலும்பில்லாதவை மட்டும் சாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தாமிரம். டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன். இருந்தது. குளங்களில் பாசியைக் கொல்ல காப்பர் சல்பேட் போடுவது பழைய வழக்கம்தான். மீனுக்கு வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி நோய் வந்தாலும் தாமிரம் உண்டு, ஆனால் தனித் தொட்டியில் வைத்துத்தான் கொடுப்பார்கள். பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டியில் ஊற்றினால் பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும்.

சரி, பாசியாவது போனதா? பாறையில் இருந்த முடிப்பாசி வெளுத்துக் கரைந்தது, அப்புறம் முன்னைவிட அடர்த்தியாக வந்தது. செத்த பாசி தான் சேர்த்த சத்தையெல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிடுமே, வராமல் என்ன செய்யும்?

இதைவிட எரிச்சல் இனிமேல்தான். வாரா வாரம் ஆர்ஓ தண்ணீர் என்று அதே ஆள் கேனில் கொண்டுவந்ததில் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருப்பதை அளப்பது) வைத்தேன்: 190. மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துவிடும் டிஐ பிசினும் சேர்ந்த வடிகட்டியிலிருந்து வந்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பாசிக்கு உரமான பாஸ்பேட் 0.5 பிபிஎம். ரீஃப் தொட்டியில் 0.1-க்குள் வைக்கத்தான் எல்லோரும் பாடுபடுகிறோம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறார்!

எல்லாப் பாசிக்கும் ஒரே மருந்து என்பதே பொய். சிவப்பாக ஏடு ஏடாக உரிந்து வருவது சயனோ (சயனோபாக்டீரியா), அது பாக்டீரியா. பழுப்பாக, சளி போல இழையோடி நடுவில் குமிழி கோத்திருந்தால் பெரும்பாலும் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்கிற நுண்ணுயிர்). நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாகிவிட்ட தொட்டியில் அது பல நேரம் கொண்டாட்டம் போடும். முடிப்பாசிக்கு நேர்மாறு: சத்து கூடினால் வளரும். இந்த மூன்றுக்கும் ஒரே பாட்டிலை நீட்டுகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சொன்ன அளவை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தாமிரக் கிட்டால் சோதியுங்கள். கேன் தண்ணீர் வந்தால் ஆள் நிற்கும்போதே மீட்டரை வையுங்கள்.

இப்போது தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். கார்பனோடு தாமிரம் உறிஞ்சும் பஞ்சும் சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) கிடக்கிறது. வெள்ளையாகப் போட்ட பஞ்சு நீலமாகிவிட்டது. புதிதாகப் போடும் பஞ்சு நிறம் மாறாமல் வெள்ளையாகவே இருந்தால்தான் புது நத்தை விடுவேன். அந்த ஆள் போனை எடுப்பதில்லை. பாட்டில் மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது.