பனியில் நின்ற விமானமும் யாழ்ப்பாணத்துப் பயண முகவரும்

அக்காவின் மகளுடைய சாமத்திய வீட்டுக்காக என்னையும் எழுபத்து நான்கு வயதான அம்மாவையும் லண்டனுக்கு அனுப்பி, அப்பாவின் திவசத்துக்கு முன்னர் ஊர் திரும்ப வைக்கும் பொறுப்பை யாழ். நகரிலுள்ள ஒரு பயண முகவர் நிலையம் ஏற்றிருந்தது. போன பயணம் சிக்கலின்றி முடிந்ததால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வரும் நாளில் லண்டனில் பனி கொட்டியது. இந்த மதிப்புரை அந்த மூன்று நாட்களில் அந்நிலையம் எப்படி நடந்துகொண்டது என்பதைப் பற்றியது. பாராட்டும் முறைப்பாடும் ஒருவர் மேலேயே விழுவதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

சீட்டு எடுக்கப் போன அன்றே அங்கிருந்த தம்பியோடு எனக்கு ஒரு சிறிய வாக்குவாதம் நடந்தது. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலி வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது, அம்மாவை இரவிரவாகக் கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் வண்டியில் கொண்டுபோவதற்கு எனக்கு மனமில்லை. பலாலியிலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டும், சென்னையிலிருந்து லண்டனுக்கு வேறொரு சீட்டும் எடுத்தால் ஆளுக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய் குறைவாகவும் இருந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அண்ணை, திரும்பி வாறது தை மாதம். லண்டன் பிளைற் பிந்தினால் பலாலிச் சீட்டுக்கு ஒருத்தரும் பொறுப்பில்லை. பெட்டியளை எடுத்துத் திருப்பிப் போட இந்திய விசாவும் வேணும்” என்றார். கொழும்பிலிருந்து வளைகுடா வழியாக லண்டன் வரை ஒரே பதிவிலக்கத்தில், போகவும் வரவும் ஒரே சீட்டாக எடுக்க வைத்ததோடு, திவசத்துக்கு ஐந்து நாட்களாவது முந்தி வந்து சேரும்படி திகதியையும் அவரே மாற்றினார். கூடுதல் காசுக்காக வழி காட்டுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

புறப்பட வேண்டிய நாள் காலையில் அக்கா வீட்டு வாசலில் நான்கு விரற்கிடைக்குப் பனி கிடந்தது. அப்படியிருந்தும் பிற்பகல் இரண்டு மணிக்கு எங்களை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். சாளரத்துக்கு அருகே ஒரு பாரவூர்தி வந்து நின்றது. அதன் மேலிருந்து கொக்கத்தடி போல ஒரு நீண்ட கை எழும்ப, அதன் நுனிக் கூண்டில் நின்றவர் இறக்கையின் மேல் ஆவி பறக்கச் செம்மஞ்சள் நிறத் திரவத்தைப் பீய்ச்சினார். கம்பளிச் சட்டைக்கு மேலே சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்த அம்மா சிறிது நேரம் பார்த்துவிட்டு, “பிளேனுக்கும் தோய வாக்கினமோ?” என்று கேட்டார். பனியைக் கரைக்கும் சூடான கிளைகோல் கலவை அது. அதற்குப் பின்னர், புதிதாக விழும் பனி ஒட்டாமல் தடுப்பதற்காகக் கெட்டியான பச்சை நிறக் கலவையைப் பூசினார்கள். இந்தப் பச்சைக் கலவையின் பாதுகாப்பு பனி விழும் வேகத்தைப் பொறுத்துக் குறிப்பிட்ட நிமிடங்களுக்கே நிற்கும். அதற்குள் மேலெழும்பாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓடுபாதை வரிசையில் ஐம்பது நிமிடங்கள் காத்து நின்று, நேரம் கடந்துவிட்டதால் திரும்பி வந்து, பாரவூர்திக்காக மேலும் இரண்டு மணித்தியாலங்கள் கிடந்து, இரண்டாம் தடவையும் தோய வார்த்து முடிந்த வேளையில், விமானிகளின் சட்டபூர்வமான கடமை நேரம் தீர்ந்துவிட்டது. இரவு எட்டு மணிக்கு எல்லோரையும் இறக்கினார்கள்.

விமானிகள் மேல் எனக்குக் கோபமில்லை. 1982 ஜனவரி 13ஆம் திகதி வாஷிங்டனில் இறக்கையில் பனி படிந்த நிலையில் புறப்பட்ட ஏர் ஃப்ளோரிடா விமானம் ஒன்று பாலத்தில் மோதிப் பொட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தபோது, பாலத்தில் வாகனங்களில் இருந்தவர்களையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். இறக்கையின் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பானாலே அது விமானத்தைத் தூக்கும் வலு குறைந்துவிடும் என்பதால், ஐயம் இருக்கும்போது புறப்படாமல் நிற்பவரே நல்ல விமானி.

விமான நிலையத்தின் நிலைமை வேறு. பனி பழகிய ரொறன்ரோவில், பியர்சன் நிலையத்தில், பல விமானங்களை ஒரே நேரத்தில் நிறுத்திப் பனி நீக்குவதற்கென்றே ஒரு பெரிய மத்திய தளம் இருக்கிறது. கனடாவிலிருக்கும் மச்சான் இதைப் பெருமையாகச் சொல்லாத நாளில்லை. வருடத்தில் சில நாட்களே பனி காணும் ஊர்களில் அவ்வளவு இயந்திரங்களையும் ஆட்களையும் சும்மா வைத்திருக்க எவரும் விரும்புவதில்லை. தெருவுக்குத் தூவுவது போல உப்பைத் தூவவும் முடியாது. அது விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும் என்பதால் விலை கூடிய வேறு இரசாயனங்கள் வேண்டும். 2010 டிசம்பர் 18ஆம் திகதி விழுந்த பனியோடு ஹீத்ரோ நிலையம் நாட்கணக்காக முடங்கி, 4,000க்கும் மேற்பட்ட பயணங்கள் இரத்தானபோது, ஓடுபாதையைக் காட்டிலும் விமானங்கள் தரித்து நின்ற இடங்களைச் சுற்றி இறுகிப்போன பனியே பெருந்தொல்லையாக இருந்தது. இரண்டே ஓடுபாதைகளைக் கொண்டு ஏறக்குறைய முழுக் கொள்ளளவில் இயங்கும் அத்தகைய நிலையத்தில், காலையில் தவறிய ஒரு மணித்தியாலத்தை மாலையில் பிடிப்பதற்கு இடைவெளி கிடைப்பதில்லை. எனினும் நாங்கள் நின்ற நிலையத்தில் என்னை வருத்தியது பனியன்று. நான்கு மணித்தியால வரிசையில் முதியவர்களுக்கு ஒரு கதிரை கூடப் போட ஆளில்லாததும், கடைகள் பூட்டிய பின்னர் உணவுச் சீட்டைக் கையில் தந்ததும்தான்.

அந்த வரிசையில் நின்றபடி, இரவு ஒன்பதரைக்கு, அதாவது யாழ்ப்பாணத்தில் அதிகாலை மூன்று மணிக்கு, முகவர் நிலையத்துக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். விடிந்த பின்னரே பதில் வரும் என்று நினைத்திருக்க, இருபது நிமிடத்தில் தொலைபேசி ஒலித்தது. நித்திரைக் குரலில் அந்தத் தம்பி முதலில் சொன்னது இது: “கான்சல் பண்ணிக் காசைத் தரட்டோ எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லிப் போடாதேங்கோ. வேறை பிளைற்றிலை மாத்தித் தரச் சொல்லி மட்டும் கேளுங்கோ.” பணத்தைத் திருப்பி வாங்கினால் நிறுவனத்தின் பொறுப்பு அத்தோடு முடிந்துவிடும், அடுத்த சீட்டை அன்றைய விலைக்கு நாமே வாங்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் அப்படித்தான் கையெழுத்து வைத்துவிட்டுத் திகைத்து நின்றது.

அவர் விளக்கிய சட்டத்தை இங்கே எழுதி வைப்பது பிறருக்கும் உதவும். 261/2004 என்ற இலக்கமுடைய ஐரோப்பிய ஒழுங்குவிதியைப் பிரித்தானியா வெளியேறிய பின்னரும் தன் சட்டமாக வைத்திருக்கிறது. வானிலையால் பயணம் இரத்தானால் நட்டஈடு கிடையாது. ஆனால் சாப்பாடு, தங்குமிடம், தங்குமிடத்துக்குப் போய்வரும் செலவு, மாற்றுப் பயணம் ஆகியவற்றை நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும். லண்டனிலிருந்து புறப்படுவது எந்த நாட்டு விமானமாக இருந்தாலும் இந்த உரிமை உண்டு. கொழும்பிலிருந்து லண்டனுக்குப் போகும்போது, அது பிரித்தானிய அல்லது ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். விடுதிக்கு அலையாமல் ஹரோவிலுள்ள அக்கா வீட்டுக்கே திரும்பினோம். வாடகை வண்டிக்குக் கொடுத்த 68 பவுணுக்கும் சாப்பாட்டுக்கும் பற்றுச்சீட்டை வைத்திருக்கச் சொன்னதோடு, விண்ணப்பத்தையும் அவரே நிரப்பித் தந்தார். ஏழு வாரத்தில் பணம் வந்தது. மூன்றாம் நாள் புறப்பட்ட விமானத்தில் இரண்டு இருக்கைகள் கிடைத்ததற்கும், முதல் இரவே அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம்.

இனிக் குறை. புதிய சீட்டு வந்தபோது, பழைய பதிவில் இருந்த சக்கர நாற்காலிக் கோரிக்கை அதில் ஏறவில்லை. வளைகுடா நிலையத்தில் அடுத்த வாசலுக்குப் போவதற்கு அம்மா நாற்பது நிமிடங்கள் நடந்தார். இரண்டு தடவை நிலத்தில் குந்தினார். சீட்டை மாற்றினால் சிறப்புக் கோரிக்கைகள் விடுபடக்கூடும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும். கேட்டபோது மன்னிப்புக் கேட்டார், சாக்குச் சொல்லவில்லை. அதைவிட எரிச்சலூட்டியது, ஊர் வந்த பின்னர் அலுவலகம் நீட்டிய பட்டியல்: விமான நிறுவனம் இலவசமாக மாற்றித் தந்த சீட்டுக்குச் ‘சேவைக் கட்டணம்’ என்று ஆளுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதிகாலை மூன்று மணிக்கு எழும்பியவருக்குக் கேட்டிருந்தால் சந்தோசமாகவே கொடுத்திருப்பேன். முன்கூட்டிச் சொல்லாமல் பட்டியலில் எழுதியதுதான் பிழை. பேசிய பின்னர் பாதியாகக் குறைத்தார்கள்.

திவசத்துக்கு இரண்டு நாட்கள் முந்தி வீடு வந்து சேர்ந்தோம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். சக்கர நாற்காலி மட்டும் வந்திருந்தால் நான்கரை. மாசியில் தங்கச்சி ரொறன்ரோ போகிறாள். அவளையும் அதே தம்பியிடம்தான் கூட்டிப் போகப் போகிறேன், கட்டணங்களை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு.