ஆறு ஆண்டுகளாக மறையூர் சர்க்கரை

திருமணமாகிக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மறையூருக்கு வந்த புதிதில் கடையில் சர்க்கரை கேட்டேன். கடைக்காரர் கரும்பழுப்பாக இரண்டு உருண்டைகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். உடுமலைப்பேட்டையில் வளர்ந்த எனக்குச் சர்க்கரை என்றால் வெள்ளை. இங்கே வெள்ளைக்குப் பெயர் பஞ்சசார; சர்க்கரை என்றால் வெல்லம். பொங்கலன்று வெல்லம் போட்டுச் செய்வதைச் சர்க்கரைப் பொங்கல் என்றுதானே நாமும் சொல்கிறோம்!

மறையூர் சர்க்கரைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். அந்த ஆண்டுதான் எங்கள் வீட்டில் வெள்ளைச் சீனி வாங்குவதை நிறுத்தினோம். ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஆலைக் கொட்டகை எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். கரும்புச் சக்கையையே எரித்துக் கொப்பரையில் சாற்றைக் காய்ச்சுவார்கள். சுண்ணாம்பு சேர்த்ததும் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை அரித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாகு பதம் வந்ததும் கொட்டி, சூடு ஆறும் முன்பே கையால் உருட்டுவார்கள். வீட்டுக்கு வந்த உருண்டையைத் திருப்பிப் பாருங்கள்: விரல்கள் அழுத்திய பள்ளங்கள் அப்படியே இருக்கும். அந்தத் தடத்தைப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. தடம் மட்டும் போதாது, நிறமும் முக்கியம். பொன் மஞ்சளாகப் பளபளத்தால் வேண்டாம் என்றுவிடுவேன். வெளுப்பாக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைச் சேர்க்கும் வழக்கம் வெல்லத் தொழிலில் பல இடங்களில் உண்டு. மறையூர்ப் பெயரைச் சொல்லி வேறிடத்து வெல்லத்தை விற்பவர்களும் இருக்கிறார்கள். வெயிலில் நின்று கரும்பு வெட்டுபவரின் உழைப்பை அபகரிக்கும் செயல் அது.

முதல் வாரம் டீ போடும்போதெல்லாம் பால் திரிந்தது. கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டதுதான் தவறு. இப்போது அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு பொடித்ததைச் சேர்க்கிறேன், திரிவதில்லை. பால் சேர்க்காத கட்டன் சாயாவுக்கும் சுக்குக் காப்பிக்கும் இந்தக் கவலையே இல்லை. அந்த மணத்துக்காகவே மாலையில் பால் சேர்ப்பதை விட்டுவிட்டேன். பாயசத்துக்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் ஊற்றாதீர்கள்: சக்கைத் தும்பும் மண்ணும் துணியில் நிற்பதைக் கண்ணால் காணலாம். எலுமிச்சைச் சாற்றில் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நிறமும் மங்குகிறது, புளிப்பும் அமுங்கிப்போகிறது.

ஐப்பசி மழையில் உருண்டை வியர்க்கும். ஒருமுறை பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்த மூன்று கிலோ, பூசணம் பிடித்து வீணானது. அதன்பின் மண்பானையில் போட்டுத் துணி கட்டி, அடுப்புக்கு மேல் பரணில் வைக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதற்காகவே எழுத உட்கார்ந்தேன். என் மாமனாருக்கு நீரிழிவு. "இது நாட்டுப் பொருள், ஒன்றும் செய்யாது மாமா" என்று டீயில் தாராளமாகப் போட்டுக் கொடுத்தவள் நான்தான். நான்கு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.2-லிருந்து 8.9-க்கு ஏறியிருந்தது. வெல்லத்திலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். 100 கிராமுக்கு ஏறத்தாழ 380 கலோரி, வெள்ளைச் சீனிக்குச் சமம். கொஞ்சம் இரும்புச்சத்தும் தாது உப்புகளும் உண்டு. ஆனால் நாளுக்கு இரண்டு ஸ்பூனில் அவை எவ்வளவு வந்துவிடும்? மருந்து என்று நம்பி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மாமா இப்போது டீயை இனிப்பில்லாமல் குடிக்கிறார். ஓணத்தன்றும் பொங்கலன்றும் மட்டும் நெல்லிக்காய் அளவு ஒரு துண்டை உடைத்துக் கொடுக்கிறேன். அதைக் கடிக்காமல் வாயில் அடக்கிக்கொண்டு, இது யார் கொட்டகைச் சரக்கு என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்.