அக்ஸ் வாங்கவா, ஷார்ட் வாங்கவா?

டோட்டா 2 என்பது ஐந்து ஐந்து பேராக இரண்டு அணிகள் மோதும் கணினி விளையாட்டு. அதை விளையாடும்போது எங்கள் ஐந்து பேருக்குள் சண்டை வருவது பெரும்பாலும் ஆட்டத்துக்குள் தங்கம் கொடுத்துப் பொருள் வாங்கும் கடையில்தான். ஆட்டம் 18ஆவது நிமிடத்தில் நிற்கும். சப்போர்ட், அதாவது குறைந்த காசில் மற்றவர்களுக்குத் துணை நிற்கும் இடத்தில் விளையாடுகிறவனிடம் 1500 தங்கம் சேர்ந்திருக்கும். "ஷார்டை எடடா" என்று பரந்தனிலிருந்து ஒருத்தன் மைக்கில் கத்துவான். "பொறு மச்சான், அக்ஸுக்குச் சேர்க்கிறன்" என்று மாங்குளத்திலிருந்து பதில் வரும். இந்த வாக்குவாதம் முடிவதற்குள் எதிரணி வந்து அவனை முடித்துவிடும். சேர்த்த தங்கத்திலும் கொஞ்சம் போய்விடும்.

இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், அகானிம். செப்டர் பழையது. அதைத்தான் பெடியங்கள் அக்ஸ் என்பார்கள். ஷார்ட் 2020 டிசம்பரில், 7.28 பேட்ச் என்ற புதுப்பிப்போடு வந்தது. இரண்டும் ஹீரோவின், அதாவது நாம் ஆடும் பாத்திரத்தின் திறமையைக் கூட்டும், அல்லது புதிதாக ஒன்றைக் கொடுக்கும். அக்ஸின் விலை 4200. பையில் ஓர் இடத்தைப் பிடிக்கும். ஆனால் எல்லாப் பண்புகளிலும் 10 கூடும், உயிரிலும், மந்திரம் போடச் செலவாகும் மனாவிலும் 175 வீதம் ஏறும். ஷார்ட் 1400 தங்கம். இடம் பிடிக்காது, வாங்கியவுடன் உடம்போடு ஒட்டிவிடும். அதிலிருந்து திறமை மட்டும்தான் கிடைக்கும், வேறு எந்தக் கூடுதலும் இல்லை. 15ஆவது நிமிடத்துக்கு முன் கடையில் கிடைக்கவும் கிடைக்காது.

விலையை மட்டும் பார்த்தால் ஒரு அக்ஸுக்கு மூன்று ஷார்ட். ஷார்ட் பக்கம் நிற்கிறவர்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். நானும் கொஞ்சக் காலம் அப்படித்தான் கதைத்துத் திரிந்தேன். ஆனால் 4200ஐயும் ஒரேயடியாகக் கட்டத் தேவையில்லை. பாயின்ட் பூஸ்டர் 1200, ஓகர் ஆக்ஸ் 1000, பிளேட் ஆஃப் அலாக்ரிட்டி 1000, ஸ்டாஃப் ஆஃப் விசார்ட்ரி 1000 என்று நாலு துண்டாக வாங்கலாம். வாங்கிய துண்டு அன்றைக்கே வேலை செய்யும். ஓகர் ஆக்ஸ் மட்டும் கையில் இருந்தாலே பத்துப் பலம் கூடுகிறது, உயிராகப் பார்த்தால் 220. அப்புறம், பொருளாக மாறிய தங்கத்தை எதிரி பறிக்க முடியாது. ஷார்டுக்கு 1300 வைத்துக்கொண்டு செத்துப்போகிறவனைவிட, ஓகர் ஆக்ஸை வாங்கிவிட்டுச் செத்துப்போகிறவன் புத்திசாலி. மாங்குளத்து நண்பன் இதைச் சொன்னபோது நாங்கள் யாரும் காது கொடுக்கவில்லை. அவன் தோற்றுக்கொண்டே சொன்னதுதான் காரணம்.

ஆனாலும் எங்கள் கூட்டத்துக்கு ஷார்ட் மேல் ஒரு சாய்வு இருக்கிறது. அது 2022இல் பழகிய பழக்கம். அந்த மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு என்று அட்டவணை வரும். அதைப் பார்த்துத்தான் ஆட்டம் தேடிக் கியூ போடுவோம். இடையில் கரண்ட் போய் ஐந்து நிமிடத்துக்குள் திரும்பி வராவிட்டால் ஆட்டத்தைக் கைவிட்டதாகக் கணக்கு. அப்படியே அடிக்கடி நடந்தால் லோ பிரையாரிட்டி என்ற தண்டனை வரிசையில் கிடந்து அழ வேண்டியதுதான். 50 நிமிடம் இழுக்கிற ஆட்டம் எங்களுக்குக் கட்டாது. 35 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டுமானால் 30ஆவது நிமிடத்தில் வரப்போகிற அக்ஸால் என்ன பிரயோசனம்? 17ஆவது நிமிடத்து ஷார்ட்தான் கை கொடுத்தது.

ஒரு நாள் பரந்தன் நண்பனின் ஐயா பக்கத்தில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு டோட்டாவும் தெரியாது, அகானிமும் தெரியாது. "தம்பி, இரணைமடுக் குளத்தில தண்ணி எவ்வளவு நாளைக்கு வரும் எண்டு பாத்துத்தானே நெல்லு எடுக்கிறது" என்றார். சிறுபோகத்தில் தண்ணீர் மட்டு என்றால் பீஜி 300 மாதிரி மூன்று மாத நெல். காலபோகத்தில் மழையை நம்பலாம் என்றால் வயது கூடின இனம் போட்டாலும் பரவாயில்லை. எங்கள் சண்டைக்கு இதைவிடச் சரியான தீர்ப்பை எந்த யூடியூப்காரரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பொருளைப் பார்ப்பதற்கு முன் ஆட்டத்தைப் பார்க்கிறோம். எதிரணியில் பிந்திப் பழுக்கிற கேரி, அதாவது காசு சேர்த்துக் கடைசியில் அணியைச் சுமக்கிறவன் இருக்கிறானா, எங்கள் கோபுரங்கள் எத்தனை விழுந்துவிட்டன, இது எத்தனை நிமிடத்து ஆட்டம்.

இனி ஹீரோக்கள். பேட்ச்சுக்குப் பேட்ச், டோட்டாவை நடத்தும் வால்வ் நிறுவனம் இவற்றை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே நீண்ட காலமாகப் பெரிய மாற்றம் இல்லாமல் இருப்பவற்றை மட்டும் எடுக்கிறேன்.

ஓகர் மேஜ் என்ற ஹீரோவை வைத்து இந்த ஒப்பீட்டை நன்றாகவே விளங்கிக்கொள்ளலாம். ஷார்ட் எடுத்தால் ஃபயர் ஷீல்ட். கூட்டாளிக்குப் போட்டால் அவன் மேல் விழுகிற அடியைக் குறைத்து, அடித்தவனுக்கே நெருப்பைத் திருப்பி அனுப்பும். கோபுரத்துக்கும் போடலாம். அக்ஸ் எடுத்தால், எதிரியை அசையாமல் நிறுத்தும் ஃபயர்பிளாஸ்ட் அடி இரண்டாவதாக ஒன்று. ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு ஸ்டன், அதில் அதிர்ஷ்டத்தில் ஒரே மந்திரம் பல தடவை விழும் மல்டிகாஸ்ட்டும் விழுந்தால் எதிரி எழும்பவே மாட்டான். ஆனால் அந்த இரண்டாவது அடி கையில் இருக்கிற மனாவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எங்கள் அணி தடுத்து நின்று கோபுரத்தைக் காக்கிற நிலையில் இருந்தால் ஷீல்ட். நாங்கள் ஓடித் துரத்திப் பிடிக்கிற நிலையில் இருந்தால் அக்ஸ். தோற்றுக்கொண்டிருக்கும்போது அக்ஸுக்குக் காசு சேர்க்கும் ஓகர் மேஜ்களை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அதில் பாதி நான்தான்.

எர்த்ஷேக்கர் என்ற ஹீரோவில் கேள்வியே வேறு. அக்ஸ் கிடைத்தால் டோட்டம் என்ற திறமையை வைத்துத் தாவலாம். தாவி விழுகிற இடத்தில் ஆஃப்டர்ஷாக் ஸ்டன் வேறு. கேட்கவே வாயூறும். ஆனால் பாய்ந்து போய்ச் சண்டையைத் தொடங்குவதற்கு 2250 தங்கத்தில், கண்ணிமைக்கும் நேரத்தில் இடம் மாற்றும் பிளிங்க் டாகர் இருக்கிறதே. எதிரி ஹீரோ அடித்தால் பிளிங்க் மூன்று வினாடி வேலை செய்யாது, தாவலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் பிளிங்க் முதல், அக்ஸ் அடுத்தது. பிளிங்க் இல்லாமல் நேராக அக்ஸுக்குப் போகும் எர்த்ஷேக்கரை எங்கள் அணியில் மன்னிப்பதில்லை.

சியூஸ் மாதிரி நடு லேனில், அதாவது நடுப் பாதையில் நின்று காசு பார்க்கிறவனுக்கு இந்தச் சண்டையே இல்லை. அக்ஸ் தருகிற நிம்பஸ் முகிலை வரைபடத்தின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். எடுக்கட்டும். ஸ்கைராத் மேஜும் அப்படித்தான், ஒரு மந்திரம் இரண்டு பேரில் விழும்.

கேரிகளுக்கு ஷார்டின் பெறுமதி வேறு இடத்தில் இருக்கிறது. சப்போர்ட் அதை மலிவு என்று வாங்குகிறான், கேரியோ இடம் பிடிக்காது என்று வாங்குகிறான். சப்போர்டின் பை ஆட்டம் முடியும்வரை நிரம்புவதே அபூர்வம், அவனுக்கு ஆறு இடமும் ஒரு கவலையே இல்லை. கேரியின் பை நிரம்பிய பிறகு அக்ஸ் முட்டுக்கட்டையாக நிற்கும். அப்போதுதான் இன்னும் 1600 கட்டி அகானிம் பிளெசிங்காக மாற்றி விழுங்கிவிடலாம், மொத்தம் 5800. அணியில் அல்கெமிஸ்ட் என்ற ஹீரோ இருந்தால் அவன் தன் காசில் அக்ஸ் வாங்கி உங்களுக்கே ஊட்டிவிடுவான். அப்படியொருவன் இருந்தால் சப்போர்ட் அக்ஸுக்குச் சேர்ப்பதை விட்டுவிட்டு அவனோடு நட்பாக இருப்பது நல்லது.

ரெஃப்ரெஷர் ஆர்ப், ஆக்டரின் கோர் என்ற பொருள்கள் இரண்டையும் சிலர் இதே வரிசையில் வைப்பார்கள். திறமையை அவை மாற்றாது, திரும்பப் போட விடும், அவ்வளவுதான். சப்போர்டுக்கு 5000 தங்க ரெஃப்ரெஷர் என்பது கனவுக் கணக்கு.

கடைசியாக டோர்மென்டர், வரைபடத்தில் நிற்கும் ஒரு பெரிய எதிரி. 2023இல் 7.33 பேட்ச் கொண்டுவந்தது. அதை வீழ்த்தினால் ஷார்ட் இல்லாத ஒருவனுக்கு அது இலவசமாகக் கிடைக்கும். அடிக்கிற அடி நம் மேலேயே திரும்பும் என்பதால் ஐந்து பேரும் சேர்ந்துதான் போக வேண்டும். ஆகவே அணி அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டால் 1400ஐக் கையில் பிடித்துக்கொண்டு பொறுத்திருங்கள். போன சனிக்கிழமை மாங்குளத்து நண்பன் மூன்று வருடப் பிடிவாதத்தை விட்டு, முதல் தடவையாக எங்கள் பேச்சைக் கேட்டு ஷார்டை வாங்கினான். ஒரு நிமிடம் கழித்து டோர்மென்டர் விழுந்தது. இலவச ஷார்ட், அதை வைத்து எதுவுமே செய்யத் தெரியாத எங்கள் கேரிக்குப் போனது. மைக்கில் கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.