மீன் தீனி என்று ரசீது போட்ட பவளம்

கடல்மீன் தொட்டியில் பவளம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்குக் கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 6,500 ரூபாய்.

என் தொட்டிக்கு இரண்டு வயது. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன்கள், ஒரு மஞ்சள் டேங் மீன். கொளத்தூர்ப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர், “இரண்டு வருடத் தொட்டியா? கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம் சார்” என்றார். அவர் காட்டியது ஹேமர் கோரல். சுத்தியல் தலை போன்ற நுனிகள் தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தன. “மென்பவளம்தான், சட்டச் சிக்கல் இல்லை” என்று கேட்காமலே சொன்னார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தொட்டியில் மருந்து போட்டதுண்டா என்று அவர் கேட்கவில்லை. கேட்பானேன்? போன வருடம் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து விற்றவரே அவர்தான்! மீன் தாங்கிக்கொள்ளும் செம்பு, பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். தண்ணீரை மாற்றினாலும் பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசிய விடும். போதாக்குறைக்கு, என்னிடம் இருந்தது மீன் பார்க்கும் விளக்கு. பவளத்தின் சதைக்குள் வாழ்ந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிக்கு அந்த வெளிச்சம் எந்த மூலைக்கு?

மூன்றாம் நாள் சுருங்கியது. ஐந்தாம் நாள் பழுப்புச் சளியாகக் கழன்றது, வீடெல்லாம் நாற்றம். சதை போனபின் உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கூடு நின்றது. மென்பவளத்துக்கு ஏது இப்படியொரு கூடு? அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். ஹேமர், கல்பவள இனம். கல்பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து, இருக்கின்றன. விற்றாலும் வாங்கி வைத்திருந்தாலும் குற்றம்; நிரூபணமானால் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை.

கடைக்காரரைக் கேட்டேன். “உங்கள் தண்ணீர் சரியில்லை சார்.” நுகர்வோர் நீதிமன்றம் போகலாமென்று ரசீதை எடுத்துப் பார்த்தால், ‘மீன் தீனி – 6,500’. பவளம் என்று நான் நிரூபித்தால் அவருக்கு முன் நான் மாட்டிக்கொள்வேன். அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எந்தக் கடையானாலும் பொருளின் பெயரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். அவர் ரசீது எழுதியபோது நான் கோமாளி மீன்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.